வீடற்றோரும் ஊராரின் கடமையும்

சேலம் நகரத்தில் ஃபேர்லேண்ட்ஸ் என்னும் பகுதியை அறியாதவர் இருக்க முடியாது. ஸ்வர்ணபுரியையும் அழகாபுரத்தையும் அடுத்து, நேரான வீதிகளும் மாடி வீடுகளும் வைத்தியசாலைகளும் பாங்குகளுமாக விளங்கும் அப்பகுதி, வசதி படைத்தோர் வசிக்கும் இடமென்று பெயர் பெற்றது. அதன் ஆங்கிலப் பெயரைத் தமிழாக்கினால் அழகிய நிலம் என்று பொருள்படும். அந்த அழகிய நிலத்திலிருந்து சிறிது தூரம் சென்றால் புதிய பஸ் நிலையம். இன்னும் அப்பால் சூரமங்கலத்து ரயில்வே ஜங்ஷன். மறுபுறம் பழைய பஸ் நிலையமும், செவ்வாய்ப்பேட்டைக் கடைவீதியும், சர்க்கார் பெரிய ஆஸ்பத்திரியும். இரவு பத்து மணிக்குமேல் இவ்விடங்களின் பக்கம் செல்வோர், தமிழ்நாட்டின் எந்தப் பெரிய நகரத்திலும் காணும் காட்சியையே இங்கும் காண்பர். மூடிய கடைகளின் வாசற்படிகளிலும், மேம்பாலங்களின் அடியிலும், துணிமூட்டையைத் தலைக்கு வைத்து மனிதர்கள் உறங்குகின்றனர். பகலில் நாம் கண்ட மூட்டை தூக்குபவரும், குப்பை பொறுக்குபவரும், ஹோட்டலில் பாத்திரம் கழுவுபவரும் அவர்களில் உளர். நமது ஊரில் உழைத்து, நமது ஊரின் பணியைச் செய்து, நமது ஊரிலேயே தலைசாய்க்க இடமின்றி இருப்பவர்கள் இவர்கள். இவர்களைப்பற்றி ஊரார் செய்யவேண்டியது யாது என்பதே இன்று நாம் எடுத்துக்கொள்ளும் விஷயம்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 2011-ம் வருஷத்துக் குடிமதிப்பின்போது, வீடு என்று சொல்லத்தக்க எதிலும் வசிக்காமல், நடைபாதையிலும், பெரிய சிமெண்டுக் குழாய்களுக்குள்ளும், மாடிப்படிகளின் அடியிலும், ரயில்வே பிளாட்பாரங்களிலும், கோவில் மண்டபங்களிலும் இரவைக் கழித்தவர்களை, அவ்வருஷம் பிப்ரவரி 28-ந் தேதி இரவில் எண்ணினார்கள். இந்தியா முழுவதிலும் அவர்கள் தொகை 17 லட்சத்து 73 ஆயிரம். நமது மாகாணமாகிய தமிழ்நாட்டில் ஏறக்குறைய 51 ஆயிரம். பத்து வருஷங்களுக்கு முன், 2001-ல், இந்தியாவின் தொகை 19 லட்சத்து 43 ஆயிரமாக இருந்தது. மொத்தத்தில் குறைந்திருக்கிறதே என்று திருப்தியடைய வேண்டாம். கிராமங்களில் குறைந்தது, நகரங்களிலோ 7 லட்சத்து 78 ஆயிரத்திலிருந்து 9 லட்சத்து 38 ஆயிரமாக உயர்ந்தது. கிராமத்தில் பிழைப்பு வற்றியவன் நகரத்துக்கு வருகிறான், நகரம் அவனுக்கு வேலை கொடுக்கிறது, இடம் கொடுப்பதில்லை. இந்த உண்மையை அவ்வெண்கள் விளம்பரப்படுத்துகின்றன. ஒரே இரவில், நிலையான இருப்பிடமில்லாதவர்களைத் தேடி எண்ணுவது எளிதன்று. ஆகவே விடுபட்டவர் பலர் இருந்திருப்பர் என்பதையும் நேயர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

வீடற்றோர் என்று ஒரே சொல்லால் குறிப்பிட்டாலும், அவர்கள் ஒரே வகையினர் அல்லர். வேலை தேடி வந்து, கூலியில் வாடகைக்கு மிச்சம் பிடிக்க இயலாத உழைப்பாளி ஒரு வகை. பிள்ளைகளால் கைவிடப்பட்ட முதியோர், கணவன் கொடுமைக்கு அஞ்சி வெளியேறிய பெண்கள், மதுவால் குடும்பம் சிதைந்தவர்கள் மற்றொரு வகை. சித்தம் கலங்கி, ஊரும் பேரும் மறந்து, ரயிலேறி வந்துவிட்டவர்கள் மூன்றாவது வகை. இவர்களுடன் சேலத்தைப் போன்ற ஊருக்கே உரிய நான்காவது வகை ஒன்றுண்டு. தர்மபுரி, நாமக்கல், கிருஷ்ணகிரி, கள்ளக்குறிச்சி ஜில்லாக்களிலிருந்து நோயாளியை இங்கே அழைத்து வந்து, உள்ளே ஒருவர் படுத்திருக்க, வெளியே மரத்தடியில் வாரக்கணக்காகக் காத்துக் கிடக்கும் உறவினர் அவர்கள். சொந்த ஊரில் வீடு இருந்தும் இங்கே வீடற்றவர்கள். இந்நால்வர்க்கும் ஒரே மருந்து பயன்படாது. உழைப்பாளிக்குக் குறைந்த வாடகையில் ஓர் அறை போதும். முதியோருக்குப் பராமரிப்பும் வேண்டும். சித்தம் கலங்கியவருக்கு வைத்தியமும் பொறுமையும் வேண்டும். நோயாளியின் உறவினருக்குச் சில நாள் தங்குமிடம் போதும். இந்தப் பாகுபாட்டை உணராமல், எல்லோரையும் ஒரே கொட்டகையில் அடைத்துவிட்டுக் கடமை தீர்ந்தது என்று எண்ணுவதே இதுவரை நடந்துள்ள முயற்சிகள் பலவற்றின் குறை.

தமிழ்நாட்டுக்கு இது புதிய விஷயமன்று. வழிநடப்போருக்குச் சத்திரம் அமைப்பதும், திண்ணை விட்டு வீடு கட்டுவதும் நம் முன்னோர் வழக்கம். மதுரையில் ராணி மங்கம்மாள் பெயரால் சத்திரம் இன்றும் வழங்குகிறது. தஞ்சையை ஆண்ட சரபோஜி மன்னர் 1802-ம் வருஷத்தில் ஒரத்தநாட்டில் முக்தாம்பாள் சத்திரத்தை ஏற்படுத்தினார். சென்னையில் 1782-ம் வருஷத்தை ஒட்டி, ஹைதர் அலி யுத்தத்தினால் பஞ்சம் தலைவிரித்தாடியபோது, ஊர் மணியக்காரர் சத்திரத்தில் பசித்து வந்தோருக்குக் கஞ்சி வார்த்தார்கள். அந்தக் கஞ்சித் தொட்டியிலிருந்து வளர்ந்ததே பின்னாளில் ஸ்டான்லி ஆஸ்பத்திரியாயிற்று. 1867-ம் வருஷத்தில் வடலூரில் வள்ளலார் மூட்டிய சத்திய தருமச்சாலையின் அடுப்பு இன்றும் அணையவில்லை. ஆனால் சத்திரத்துக்கும் இன்றைய தேவைக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. சத்திரத்தில் தங்கியவன் மறுநாள் தன் வழியே போய்ச் சேர ஓர் ஊர் இருந்தது. இன்று நடைபாதையில் படுப்பவனுக்கு மறுநாளும் அதே நடைபாதைதான். பழைய தருமத்தின் மனம் நமக்கு வேண்டும். அதன் வடிவம் மட்டும் போதாது.

அன்னியர் ஆட்சிக்காலத்தின் இறுதியில் நாம் பெற்ற மனப்பான்மையோ வேறு. 1945-ம் வருஷத்தில் சென்னை மாகாணத்தில் பிச்சையெடுத்தலைத் தடுக்கும் சட்டம் பிறந்தது. பம்பாயிலும் 1959-ம் வருஷத்தில் அப்படியொரு சட்டம் ஏற்பட்டு, பின்னர் டில்லிக்கும் விஸ்தரிக்கப்பட்டது. இச்சட்டங்களின் உட்கருத்து ஒன்றே: வறியவன் பொது இடத்தில் காணப்படுவதே குற்றம். பிச்சையெடுக்காதவனும், தங்குமிடமின்றித் திரிந்த ஒரே காரணத்தால் பிடிபட இச்சட்டங்கள் இடம் கொடுத்தன. 2018-ம் வருஷம் ஆகஸ்டு 8-ந் தேதி டில்லி ஹைக்கோர்ட்டு, பம்பாய்ச் சட்டத்தின் தண்டனைப் பிரிவுகள் டில்லியில் செல்லாவென்று தீர்ப்பளித்தது. உணவும் உறைவிடமும் அளிக்கத் தவறிய ராஜ்யம், அவை இல்லாதிருப்பதையே குற்றமாக்குவது நியாயமாகாது என்னும் கொள்கை அங்கே நிலைநாட்டப்பட்டது. வறுமையைத் தண்டித்து ஒழித்த தேசம் எதுவும் இல்லை.

சட்டம் படித்தவர்களுக்கு நினைவிருக்கும் மற்றொரு தீர்ப்பு 1985-ம் வருஷத்தில் பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டின் ஐந்து நீதிபதிகள் அளித்தது. பிரதம நீதிபதி சந்திரசூட் தலைமையில் அமைந்த அந்த பெஞ்சு, ஜீவிக்கும் உரிமை என்பதில் ஜீவனோபாயத்துக்குரிய உரிமையும் அடங்கும் என்று கூறியது. நடைபாதையில் படுப்பவன் அங்கே சௌக்கியம் கருதிப் படுப்பதில்லை. அவன் வேலை செய்யும் இடம் அருகில் இருப்பதால் படுக்கிறான். அங்கிருந்து விரட்டினால் வேலையிலிருந்தும் விரட்டியதாகும் என்னும் உண்மையை நீதிபதிகள் ஏற்றனர். எனினும் வழக்காடியவர்களுக்கு நடைபாதை கிடைக்கவில்லை. மழைக்காலம் முடியும்வரை தவணை கொடுத்து, அதற்குப்பின் அப்புறப்படுத்தலாம் என்று உத்தரவாயிற்று. கொள்கையில் வெற்றி, காரியத்தில் தோல்வி. சட்டத்தின் துணை எவ்வளவு தூரம் வரும், எங்கே நின்றுவிடும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டியதில்லை. நின்றுவிடும் இடத்திலிருந்து நடக்க வேண்டியவர்கள் ஊராரே.

பின்னர், உணவுரிமை சம்பந்தமாக 2001-ம் வருஷத்தில் தொடுக்கப்பட்ட பெருவழக்கில், 2010-ம் வருஷத்துக் குளிர்காலத்தில் டில்லியின் இரவுத் தங்குமிடங்களைப்பற்றிய பிரச்னை எழுந்தது. அதன் விளைவாக, பெரிய நகரங்களில் லட்சம் ஜனத்தொகைக்கு ஒரு தங்குமிடம் என்னும் அளவை சுப்ரீம் கோர்ட்டு வற்புறுத்தியது. 2013-ம் வருஷத்தில் தொடங்கிய தேசிய நகர்ப்புற வாழ்வாதாரத் திட்டம் அதே அளவைக் கைக்கொண்டது. ஒவ்வோர் இல்லமும் இருபத்துநான்கு மணி நேரமும் திறந்திருக்க வேண்டும். ஆள் ஒன்றுக்கு 50 சதுர அடி இடம் வேண்டும். குடிநீர், கழிப்பிடம், சமையலிடம், சாமான்களைப் பூட்டிவைக்கப் பெட்டி ஆகியவை வேண்டும். பெண்களுக்கும் முதியோருக்கும் நோய் தேறுவோருக்கும் தனி இல்லங்கள் வேண்டும் என்று அது விதித்தது. யாவற்றிலும் முக்கியமாக, ரயில் நிலையம், பஸ் நிலையம், மொத்த வியாபாரக் கடைவீதி முதலிய, வீடற்றோர் கூடும் இடங்களுக்கு அருகிலேயே இல்லம் அமைய வேண்டும் என்றது. இவையெல்லாம் எந்த அளவுக்கு நிறைவேறின என்று ஆராய, 2016-ம் வருஷம் நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டே, ஓய்வுபெற்ற நீதிபதி கைலாஷ் கம்பீர் தலைமையில் ஒரு கமிட்டியை நியமிக்க நேர்ந்தது. காகிதத்தில் குறையில்லாத திட்டம் காரியத்தில் பின்தங்கியதற்கு அந்த நியமனமே சாட்சி.

சேலத்துக்கு இந்த அளவைப் பொருத்திப் பார்ப்போம். 2011-ம் வருஷத்துக் கணக்கின்படியே மாநகராட்சியின் ஜனத்தொகை 8 லட்சத்துக்கு மேற்பட்டது. ஆகவே எட்டு இல்லங்களாவது இருக்க வேண்டும். இல்லமொன்றுக்கு ஐம்பது பேரென்றாலும் நானூறு பேருக்கு இடம். மாநகராட்சியில் நான்கு மண்டலங்களும் அறுபது வார்டுகளும் இருக்கின்றன. மண்டலத்துக்கு இரண்டென்று வைத்தால் கணக்கு நேராகிறது. ஒவ்வொரு மண்டலத்திலும் இரண்டு இருக்கின்றனவா, அவை நிரம்புகின்றனவா, நிரம்பாவிடில் காரணமென்ன என்று தத்தம் கவுன்சிலரைக் கேட்பது வாக்காளர் ஒவ்வொருவரின் உரிமை. கேட்காதவருக்குக் கிடைக்காது என்பது ராஜீய வாழ்வின் பாலபாடம். வீடற்றோரோ தமக்காகக் கேட்கும் நிலையில் இல்லை. முகவரி இல்லாதவனுக்கு வாக்காளர் ஜாபிதாவில் பெயர் ஏறுவது கடினம். வாக்கில்லாதவன் வாசலுக்குத் தேர்தல் காலத்திலும் எவரும் வருவதில்லை. ஆகவேதான் வாக்குள்ளவன் கேட்கவேண்டும் என்கிறோம்.

பணமில்லாமை ஒன்றுதான் தடை என்று எண்ணுவது பிழை. எங்கே இல்லம் அமைப்பது என்ற கேள்வி பிறந்தவுடன் பெரிய தடை தலைகாட்டுகிறது. வீடற்றோருக்கு இல்லம் வேண்டும் என்பதில் எல்லோருக்கும் சம்மதம். தம் தெருவில் மட்டும் வேண்டாம். கனவான்கள் மகஜர் தயாரிக்கின்றனர். அதிகாரிகள் அதைக் காரணம் காட்டி, ஊருக்கு வெளியே, பஸ் போகாத ஓரிடத்தில் கட்டடத்தை எழுப்புகின்றனர். விடியற்காலை நான்கு மணிக்குக் காய்கறி மண்டியில் நிற்க வேண்டியவன் ஐந்து மைல் தொலைவில் படுத்துறங்க முடியுமா? அவன் மறுபடியும் கடைவாசலுக்கே வந்துவிடுகிறான். கட்டிய இல்லம் காலியாகக் கிடக்கிறது. 'பார்த்தீர்களா, இடம் கொடுத்தாலும் வரமாட்டார்கள்' என்று மகஜரில் கையொப்பமிட்டவர்களே சொல்லவும் துணிகின்றனர்.

தூரத்தின் கொடுமையை அறியச் சென்னையைப் பார்த்தால் போதும். கூவம், அடையாறு ஆற்றங்கரைகளில் குடியிருந்த ஏழைக் குடும்பங்கள் பல, 2000-ம் வருஷம் முதற்கொண்டு கண்ணகி நகருக்கும், பின்னர் பெரும்பாக்கத்துக்கும் மாற்றப்பட்டன. மேலே கூரை கிடைத்தது. கீழே பிழைப்பு நழுவிற்று. வீட்டு வேலைக்குச் சென்ற பெண்கள் பஸ் கட்டணத்துக்கும் நேரத்துக்கும் ஈடுகொடுக்க முடியாமல் வேலையை இழந்தனர். பிள்ளைகள் படிப்பை நடுவில் நிறுத்தினர். 1970-ம் வருஷத்தில் குடிசை மாற்று வாரியம் ஏற்பட்டபோது, இருந்த இடத்திலேயே நல்ல வீடு என்பதே அதன் ஆதி நோக்கம். அந்த வாரியம் 2021-ம் வருஷத்தில் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று புதுப்பெயர் பெற்றிருக்கிறது. பெயருடன் பழைய நோக்கமும் புதுப்பிக்கப்பட வேண்டுமென்பது நமது விருப்பம்.

அயலில் இல்லம் அமைவதை ஆட்சேபிப்பவர்களின் வாதங்களையும் நாம் தள்ளிவிடவில்லை, ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம். திருட்டு பெருகும் என்பது ஒன்று. இரவில் பெயரெழுதி, கணக்கு வைத்து, பொறுப்பாளர் ஒருவர் விழித்திருக்கும் இல்லம் ஒரு தெருவுக்கு ஆபத்தா, அல்லது யாரென்றே தெரியாதவர்கள் இருட்டில் கிடப்பது ஆபத்தா? வெளியில் உறங்குபவர்கள் பெரும்பாலும் திருட்டுக் கொடுப்பவர்கள். அன்றாடக் கூலியையும் செருப்பையும் பறிகொடுப்பவர்கள் அவர்களே. இலவசமாக இடம் கொடுத்தால் சோம்பேறித்தனம் வளரும் என்பது மற்றொரு வாதம். உறக்கமில்லாத உடம்பு உழைக்காது என்பதை அறியாதவர் வாதம் இது. கொசுவுக்கும் மழைக்கும் போலீஸ் தடிக்கும் அஞ்சி இரவெல்லாம் விழித்திருந்தவனிடம் மறுநாள் சுறுசுறுப்பை எதிர்பார்ப்பது எப்படி? இது சர்க்காரின் வேலை, நமக்கென்ன என்பது மூன்றாவது வாதம். சுயராஜ்யம் வேண்டுமென்று போராடிய காலத்தில் நம் தலைவர்கள் இப்படிச் சொல்லவில்லை. சர்க்கார் என்பது இப்போது அன்னியருடையதன்று. நமக்கு வேறாகச் சர்க்கார் என்று ஒன்று தனியே நின்று நமக்காகக் கவலைப்படப் போவதுமில்லை.

சேலத்துக்காரர்களுக்கு இந்த விஷயத்தில் உதாரணம் தேடி வெகு தூரம் போக வேண்டியதில்லை. 1917-ம் வருஷம் முதல் 1919-ம் வருஷம்வரை இந்நகரத்து முனிசிபல் சேர்மனாக இருந்தவர் ராஜாஜி. வக்கீல் தொழிலில் நல்ல வருமானம் பெற்றிருந்த அவர் அதைத் துறந்து, 1925-ம் வருஷத்தில் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தை நிறுவி, தாமும் அங்கே குடிசையில் வசித்தார். நிலம் கொடுத்தவர் அவ்வூர் ஜமீன்தார் ரத்தினசபாபதிக் கவுண்டர். அதைத் திறந்துவைத்தவர் ஈ. வெ. ராமசாமி நாயக்கர். ராட்டையும் மதுவிலக்கும் தீண்டாமை ஒழிப்பும் அந்த ஆசிரமத்தின் பணிகள். ஏழையின் அயலில் குடியேறாமல் ஏழைக்குத் தொண்டு செய்ய இயலாது என்பதை நாமக்கல் சமவெளியின் அந்தச் சிறு கிராமம் நாட்டுக்குக் காட்டிற்று. பிற்காலத்தில் கொள்கையால் எவ்வளவோ விலகிச் சென்ற இரு பெரியோர்கள் அன்று ஒரே வாசலில் நின்றார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். தொண்டில் கட்சி இல்லை.

அயல்நாடுகளிலும் பார்ப்போம். பின்லாந்து என்னும் சிறு தேசத்தில் 1987-ம் வருஷத்தில் வீடற்றோர் 18 ஆயிரத்துக்கு மேல் இருந்தனர். அங்கே 2008-ம் வருஷம் முதல் ஒரு புதிய முறையை அனுஷ்டித்தார்கள். முதலில் குடியை விடு, முதலில் வேலை தேடு, பிறகு வீடு என்னும் பழைய முறையைத் தலைகீழாக்கி, முதலில் வீடு, பிறகு மற்றவை என்றார்கள். பெரிய இரவுத் தங்குமிடங்களைச் சிறு சிறு வாடகை வீடுகளாக மாற்றியமைத்தார்கள். இப்போது அத்தேசத்தில் வீடற்றோர் தொகை நாலாயிரத்தைச் சுற்றி நிற்கிறது. குளிரில் உறைந்து சாகும் தேசத்துக்கு இது அவசியம், நமக்கேன் என்று கேட்கலாம். வெயிலிலும் மழையிலும் சாகிறவர்கள் நமக்குக் கண்ணில் படவில்லை என்பதே அதற்கு விடை. இன்னும் அருகில் இலங்கையைப் பாருங்கள். வீடற்றோருக்கென ஒரு சர்வதேச வருஷத்தை அனுஷ்டிக்க வேண்டுமென்று 1980-ம் வருஷத்தில் ஐக்கிய நாடுகள் சபையில் பிரேரேபித்தவர் அந்நாட்டுப் பிரதமர் பிரேமதாஸா. 1987-ம் வருஷம் அவ்வாறே உலகெங்கும் அனுஷ்டிக்கப்பட்டது. 1984-ம் வருஷத்தில் அங்கே தொடங்கிய பத்து லட்சம் வீடுகள் திட்டத்தில், சர்க்கார் வீடு கட்டித் தரவில்லை. சிறு கடனும் யோசனையும் கொடுத்து, குடும்பத்தாரே கட்டிக்கொள்ளத் துணை நின்றது. ஏழைக்குத் தன் வீட்டைக் கட்டத் தெரியும் என்னும் நம்பிக்கையே அத்திட்டத்தின் உயிர்.

நமது நாட்டிலும் நன்முயற்சிகள் இல்லாமலில்லை. 1993-ம் வருஷத்தில் சென்னையில் வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயகுமார் என்னும் இரு இளம் பெண்கள், தெருவில் சித்தம் கலங்கித் திரிந்த பெண்களுக்காக 'பான்யன்' என்னும் ஸ்தாபனத்தைத் தொடங்கினர். ஆலமரம் என்பது அதன் பொருள். வைத்தியம் பெற்றுத் தேறியவர்களை ஆயுள் முழுவதும் ஒரு பெரிய விடுதியில் வைத்திராமல், நாலைந்து பேராகச் சாதாரணத் தெருக்களில் வாடகை வீடுகளில் குடியமர்த்தி, துணைக்கு ஒருவரையும் அமர்த்தும் முறையை அந்த ஸ்தாபனம் கைக்கொண்டது. அவர்கள் கடைக்குப் போகிறார்கள், கோலம் போடுகிறார்கள், அயலாருடன் பேசுகிறார்கள். 2017-ம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டமும் சமூகத்தில் கலந்து வாழும் உரிமையை இத்தகையோருக்கு அளித்திருக்கிறது. சித்தம் கலங்கித் திரிபவரைப் பாதுகாப்பில் எடுத்து, லாக்கப்பில் வைக்காமல், இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் பொது வைத்தியசாலையில் சேர்ப்பது போலீஸ் நிலைய அதிகாரியின் கடமையென்றும் அச்சட்டம் கூறுகிறது. இந்தப் பிரிவை அறிந்து, நினைவூட்டத் தயாராயிருக்கும் பிரஜை ஒருவர் தெருவுக்கு இருந்தால் போதும். பல உயிர்கள் பிழைக்கும்.

தங்குமிடம் வேறு, வீடு வேறு என்பதையும் மறக்கலாகாது. தங்குமிடம் வெள்ளத்தில் தத்தளிப்பவனுக்கு எறியும் கயிறு, வீடே கரை. 2012-ம் வருஷத்தில் இந்திய சர்க்கார் நியமித்த நிபுணர் குழு, நகரங்களில் 1 கோடியே 88 லட்சம் வீடுகள் பற்றாக்குறை என்றும், அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பங்கு ஏழைகளையும் குறைந்த வருமானத்தாரையும் சேர்ந்தது என்றும் மதிப்பிட்டது. அதற்கு முந்திய வருஷத்துக் குடிமதிப்பிலோ, நகரங்களில் பூட்டிக் கிடந்த காலி வீடுகள் 1 கோடியே 10 லட்சத்துக்கு மேல். வீடில்லாத மனிதரும் மனிதரில்லாத வீடும் ஒரே நகரத்தில்! கட்டுமானம் மட்டும் பிரச்னையைத் தீர்க்காது என்பது இதனால் விளங்கும். தமிழ்நாட்டு சர்க்கார் 2024-ம் வருஷத்தில் கலைஞரின் கனவு இல்லம் என்ற திட்டத்தைத் தொடங்கி, 2030-ம் வருஷத்துக்குள் கிராமங்களில் 8 லட்சம் வீடுகள் கட்ட நோக்கம் கொண்டது. வீடொன்றுக்கு 3 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய், அளவு 360 சதுர அடி. நல்ல காரியந்தான். ஆனால் பட்டாவும் மனையும் உள்ளவனுக்கே இத்தகைய திட்டங்கள் எட்டுகின்றன. மனையே இல்லாமல் நகரத்துக்கு வந்துவிட்ட கூலியாளுக்கு, குறைந்த வாடகையில் ஓர் அறை என்பதே முதற்படி. சேலத்துத் தறிக் கூடங்களிலும், வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளிலும், ஜவ்வரிசி ஆலைகளிலும், நாமக்கல் லாரிப் பட்டறைகளிலும் ஆளெடுக்கும் முதலாளிகள், ஆளுக்கு உறைவிடமும் தங்கள் தொழிற்செலவில் சேர்ந்ததென்று கருத வேண்டும்.

இனி, ஃபேர்லேண்ட்ஸ் போன்ற பகுதியில் வசிப்பவர்கள் நாளையே தொடங்கக்கூடிய காரியங்கள் சிலவற்றைக் கூறுவோம். முதலாவது, எண்ணுதல். 2027-ம் வருஷம் மார்ச் 1-ந் தேதியை ஆதாரமாகக் கொண்டதென்று அறிவிக்கப்பட்ட குடிமதிப்பில், வீடற்றோர் எவரும் விடுபடாதபடி, அவர்கள் உறங்கும் இடங்களை முன்கூட்டியே குறித்துவைத்து எண்ணுவோருக்குத் துணைபுரிய வேண்டும். எண்ணப்படாதவனுக்குத் திட்டத்தில் பங்கில்லை. இரண்டாவது, கேட்டல். 2022-ம் வருஷத்து விதிகளின்படி தமிழ்நாட்டு நகரங்களில் வார்டு கமிட்டிகளும் பகுதி சபைகளும் ஏற்பட்டிருக்கின்றன. சாக்கடையையும் தெருவிளக்கையும்பற்றிப் பேசும் அந்தச் சபைகளில் வீடற்றோர் இல்லத்தைப்பற்றியும் ஒரு தீர்மானம் கொண்டுவர வேண்டும். அது தம் பகுதியிலேயே அமையட்டும் என்று கேட்கும் தீர்மானமாக இருக்க வேண்டும். மூன்றாவது, நிர்வாகம். ஒவ்வோர் இல்லத்துக்கும் ஒரு மேற்பார்வைக் கமிட்டி உண்டு. ஓய்வுபெற்ற உபாத்தியாயரும், டாக்டரும், வக்கீலும், அவ்வில்லத்தில் தங்குவோரில் இருவரும் அதில் இடம்பெறட்டும். வாரம் ஒரு மாலை டாக்டர் வரட்டும்; வக்கீல் ஆதார், ரேஷன், வாக்காளர் அட்டை, முதியோர் பென்ஷன் மனுக்களை எழுதித் தரட்டும். அட்டை ஒன்று கையில் வந்தவுடன் ஒருவனுடைய வாழ்வு எவ்வளவு மாறும் என்பதை அவை எல்லாவற்றையும் சட்டைப்பையில் வைத்திருக்கும் நாம் உணர்வதில்லை.

நான்காவது, வைத்தியசாலைகளின் கடமை. வெளியூர் நோயாளிகளால் வளரும் வைத்தியசாலைகள், அவர்களுடன் வரும் ஏழை உறவினர் தங்க ஒரு பொது விடுதியைக் கூட்டாக அமைப்பது பெரிய சுமையாகாது. ஐந்தாவது, வாடகை. காலியாகக் கிடக்கும் மாடியறையை, ஜாதியும் ஊரும் கேளாமல், உழைக்கும் ஏழைக்கு நியாய வாடகைக்கு விடும் ஒரு வீட்டுக்காரர், பத்து மேடைப் பிரசங்கங்களுக்கு ஈடான தொண்டைச் செய்தவராவார். வாடகை தவறுமோ என்று அஞ்சினால், தெருவார் பத்துப் பேர் சேர்ந்து ஜாமீன் நிற்கலாம். இந்தியாவில் முதல் வீட்டு வசதிக் கூட்டுறவு சங்கம் 1909-ம் வருஷத்தில் பெங்களூரில் பிறந்தது. நடுத்தர வகுப்பார் தமக்கு வீடு வேண்டி அந்தக் கூட்டுறவு முறையைக் கையாண்டு நூறு வருஷத்துக்குமேல் பலனடைந்திருக்கின்றனர். அதே முறையைத் தங்களிலும் வறியவர்களுக்காக ஒருமுறை கையாண்டு பார்க்கட்டும்.

இக்காரியங்களில் ஒரு எச்சரிக்கை அவசியம். எவரையும் கட்டாயமாக வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய் அடைக்கலாகாது. மந்திரிகளும் பெரிய மனிதர்களும் ஊருக்கு வரும்போது தெருக்களைச் 'சுத்தம்' செய்வதற்காக ஏழைகளை அள்ளிச் செல்லும் வழக்கம் தொண்டாகாது, அவமானம். வர மறுப்பவருக்கு மறுக்கக் காரணம் இருக்கும். கணவன் மனைவியைப் பிரித்துவைக்கும் இல்லத்துக்குக் குடும்பம் வராது. பிழைப்புக்குரிய தள்ளுவண்டியை நிறுத்த இடமில்லாத இல்லத்துக்கு வியாபாரி வரமாட்டான். அதட்டிப் பேசும் காவலாளி இருக்கும் இல்லத்துக்கு மானமுள்ளவன் எவனும் வரமாட்டான். காரணத்தைக் கேட்டு, இல்லத்தைத் திருத்துவதே முறை. தருமம் செய்கிறோம் என்னும் இறுமாப்பும் கூடாது. நகரத்தின் மாடிகளுக்குக் கல் சுமந்தவர்களுக்கும், அதன் குப்பையை அகற்றுகிறவர்களுக்கும் நகரம் பட்டிருக்கும் கடனில் ஒரு சிறு பகுதியையே நாம் திருப்பிக் கொடுக்கிறோம்.

சுதந்திரம் வந்து எழுபத்தைந்து வருஷங்களுக்கு மேலாகிவிட்டது. சொந்தக் கொடியும் சொந்தச் சட்டமும் பெற்ற ஜனங்களில் ஒரு பகுதியார், இரவில் போலீஸ்காரரின் பூட்ஸ் சத்தம் கேட்டு எழுந்து ஓடும் நிலை நீடிக்குமாயின், அவர்களைப் பொறுத்தவரை ராஜ்யம் கை மாறியதேயொழிய வாழ்வு மாறவில்லை என்றுதான் கூறவேண்டும். சேலம் நகரம் எட்டு இல்லங்களை அமைத்து, அவற்றில் ஒன்றை ஃபேர்லேண்ட்ஸ்வாசிகள் தங்கள் பொறுப்பில் ஏற்று நடத்திக் காட்டுவார்களேயானால், அழகிய நிலம் என்ற பெயரை அவ்விடம் உண்மையிலேயே சம்பாதித்துக்கொண்டதாகும். நாமக்கல்லும் ஈரோடும் தர்மபுரியும் பின்பற்ற அதிக காலம் பிடிக்காது. மகஜர் எழுதத் தெரிந்த கைகள் இம்முறை, வேண்டாமென்று எழுதாமல், வேண்டுமென்று எழுதட்டும். அடுத்த பகுதி சபை கூடும் நாள் எதுவென்று விசாரித்து, அங்கே முதல் ஆளாகப் போய் உட்காருமாறு நமது வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.